பர்பனும் சிகாரும்: எதுக்கு எது செட் ஆகும்?

பர்பன்ங்கிற அமெரிக்க விஸ்கி கூட சிகார், அதாவது சுருட்டு, பிடிச்சுப் பாக்கணும்னு ஆசைப்படுறவங்க எடுத்த எடுப்புல கேக்குறது "எந்த பாட்டில் பெஸ்ட், எந்த சிகார் பெஸ்ட்"னுதான். ஆனா பெஸ்ட்டுன்னு பேர் வாங்குன பாட்டிலையும் பெஸ்ட்டுன்னு பேர் வாங்குன சிகாரையும் சேத்து உக்கார வெச்சா பல தடவை ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சு சாச்சுட்டு, கடைசியில வாய்ல கசப்பும் எரிச்சலும் மட்டும்தான் மிஞ்சும். முதல்ல ஒத்துப்போக வேண்டியது வெயிட்டு. சாதுவான சிகாருக்கு சாதுவான பர்பன், முரட்டு சிகாருக்கு முரட்டு பர்பன், டேஸ்ட் மேட்ச்சிங் எல்லாம் அதுக்கப்புறம்தான். இதுல இன்னொரு கொக்கியும் இருக்கு, சிகார் பத்த வெச்ச நிமிஷத்துல இருக்குற மாதிரியே கடைசி வரைக்கும் இருக்காது, போகப்போக காரம் ஏறும். அதனால முதல் இழுப்புக்குப் பாத்து பர்பன் எடுக்கக்கூடாது, பாதி தாண்டுனதும் அந்த சிகார் எங்க போய் நிக்குமோ அதுக்குப் பாத்துதான் எடுக்கணும்.

உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். சிகார் புகையை உள்ள இழுக்கலைன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நிறைய பேர் நம்புறாங்க, அது சரி கிடையாது. வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய்க்கு புகையிலையும் காரணம், சாராயமும் காரணம், ரெண்டும் சேர்ந்தா ஆபத்து சும்மா கூடுறது இல்ல, பல மடங்காகும். அமெரிக்காவுல ரெண்டுக்குமே 21 வயசு ஆகியிருக்கணும். இதை எப்பவாவது ஒரு நாள் பண்ற விஷயமா வெச்சுக்கோங்க, தினப்படி பழக்கமா ஆக்கிடாதீங்க. இதுவரைக்கும் தொடாதவங்க இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல.

சரி, பர்பன்னா என்ன? அமெரிக்காவுல செஞ்ச விஸ்கி, தானியத்துல குறைஞ்சது 51 சதவீதம் மக்காச்சோளம், உள்பக்கம் தீயில கருக்குன புத்தம்புது ஓக் மரப் பீப்பாயில ஊறணும், இதான் அடிப்படை சட்டம். கென்டக்கி மாநிலத்துலதான் செய்யணும்னு சட்டம் இல்ல, பெரும்பகுதி அங்க இருந்து வருது அவ்வளவுதான். 1964ல அமெரிக்க காங்கிரஸ் இது எங்க நாட்டுக்கே உரிய சரக்குன்னு தீர்மானமே போட்டுடுச்சு. ஸ்ட்ரெய்ட் பர்பன்னு லேபிள்ல இருந்தா குறைஞ்சது 2 வருஷம் பீப்பாயில இருந்திருக்கு, அதுல கலரோ ஃப்ளேவரோ எதுவும் சேர்க்கக்கூடாது. 4 வருஷத்துக்குள்ள எடுத்த ஸ்ட்ரெய்ட் பர்பன்னா எத்தனை வயசுன்னு லேபிள்ல போட்டே ஆகணும். அந்த செம்பட்டை நிறம் முழுக்க மரத்துல இருந்து வந்ததுதான்.

சிகாரோட இது இவ்வளவு நல்லா சேர்றதுக்கும் அந்த புதுப் பீப்பாய்தான் காரணம். ஓக் மரத்தை தீயில காட்டும்போது மரத்துக்குள்ள இருக்குற சர்க்கரை கருகி கேரமல் வாசனையா மாறுது, லிக்னின்னு ஒரு பொருள் உடைஞ்சு வெனிலின் வருது, வெனிலாவோட மணம் அதுதான். வைல்ட் டர்க்கி மாதிரி சில கம்பெனிங்க 4ம் நம்பர் கருக்கல்னு ஆழமா கருக்குறாங்க, உள்பக்கம் முதலைத்தோல் மாதிரி வெடிச்சுப் போயிருக்கும். கென்டக்கி வெயில்ல சரக்கு விரிஞ்சு மரத்துக்குள்ள ஏறும், குளிர்ல சுருங்கி வெளிய வரும், வருஷக்கணக்கா இப்படியே போய் வந்து மரத்துல இருக்குறதை எல்லாம் வழிச்சு எடுத்துட்டு வந்துடும். ஒரு பீப்பாயை பர்பனுக்கு ஒரு தடவைக்கு மேல பயன்படுத்த முடியாது, காலியான பீப்பாயில நிறைய ஸ்காட்லாந்துக்குப் போய் ஸ்காட்ச் ஊற வைக்க உதவுது. ஸ்காட்ச்ல இந்த அளவுக்கு வெனிலா, கேரமல் இல்லாததுக்கு இதுவும் ஒரு காரணம். சிகார் பக்கம் பாத்தீங்கன்னா மண் வாசம், மிளகு, கோகோ, காப்பி, தோல், சிடார் மரம், இதுல இனிப்பு கம்மி, கசப்பும் காரமும் ஜாஸ்தி. ஒரு பக்கம் இனிப்பு வாசனை, இன்னொரு பக்கம் கசப்பு, இவ்வளவுதான் இந்த ஜோடியோட ரகசியம்.

கடையில பாட்டிலைப் பாக்கும்போது முதல்ல பாக்க வேண்டியது ப்ரூஃப். அமெரிக்காவுல ப்ரூஃப்னா ஆல்கஹால் சதவீதத்தோட ரெண்டு மடங்கு, 90 ப்ரூஃப்னா 45 சதவீதம். 80க்கு கீழ பர்பன் பாட்டில்ல அடைக்கவே கூடாது. 80ல இருந்து 90 வரைக்கும் லைட், 90ல இருந்து 100 நடுவாந்திரம், 100க்கு மேல கனம், பேரல் ப்ரூஃப்னு வர்றதெல்லாம் 110, 120ன்னு போகும், தண்ணி விட்டுக் குறைக்காம பீப்பாயில இருந்ததை அப்படியே அடைச்சது. புக்கர்ஸ் இந்த ரகம், ஆரம்பிக்கிறவங்க அதை சிகாரோட எடுக்கவே எடுக்காதீங்க, நாக்கு மரத்துப்போய் சிகார் வெறும் சூடான காத்தாதான் தெரியும்.

ரெண்டாவது, மக்காச்சோளத்துக்கு அடுத்து என்ன தானியம் போட்டிருக்காங்கங்கிறது. பெரும்பாலும் ரை, அது மிளகு, கிராம்பு மாதிரி ஒரு காரத்தைக் கொடுக்கும். புல்லட்ங்கிற பர்பன்ல ரை கிட்டத்தட்ட 28 சதவீதம், ஃபோர் ரோசஸ்ல ஒரு கலவையில 35 சதவீதம் வரைக்கும் போவாங்க. அந்த கம்பெனி ரெண்டு தானியக் கலவை, அஞ்சு வகை ஈஸ்ட் வெச்சு பத்து விதமான பர்பன் காய்ச்சி அப்புறம் கலக்குறாங்க, அது தனிக்கதை. சில பேர் ரைக்குப் பதிலா கோதுமை போடுவாங்க, அதை வீட்டட் பர்பன்னு சொல்லுவாங்க, காரம் போய் மெத்துன்னு ரொட்டி, தேன் பக்கம் வந்துடும். மேக்கர்ஸ் மார்க் அப்படித்தான், 70 சதவீதம் மக்காச்சோளம், 16 கோதுமை, மிச்சம் 14 மால்ட் பார்லி, சிவப்பு மெழுகு போட்ட பாட்டில். லார்சனியும் வெல்லரும் இதே குடும்பம்தான், ஆனா வெல்லர் கைக்குக் கிடைக்கிறதே பெரிய பாடு, அதுக்காக அலையாதீங்க.

மூணாவது வயசு. இதுலதான் புதுசா வர்றவங்க ஏமாறுறது, வயசு ஏற ஏற ஒசத்தின்னு நினைச்சு 12, 15 வருஷம்னு தேடுவாங்க. பர்பன் புதுப்பீப்பாயில இருக்கறதால ஒரு கட்டத்துக்கு மேல மரத்தோட துவர்ப்பு தூக்கலாயிடும், தனியா குடிச்சா அது சிலருக்குப் பிடிக்கலாம், ஆனா சிகாரும் வாயை உலர வைக்கும் பர்பனும் உலர வைக்கும்னா நாக்கு மரப்பலகை ஆயிடும். சிகாருக்கு 6ல இருந்து 9 வருஷம் போதும்னு நான் சொல்லுவேன். லேபிள்ல "ஸ்மால் பேட்ச்"னு போட்டிருந்தா அதுக்கு சட்டப்படி ஒரு அர்த்தமும் கிடையாது, அதைக் கண்டு மயங்க வேண்டாம். "பாட்டில்டு இன் பாண்ட்"னு இருந்தா மட்டும் நம்பி எடுக்கலாம், 1897ல வந்த சட்டம் அது, ஒரே ஆலையில ஒரே சீசன்ல காய்ச்சி, அரசாங்கக் கண்காணிப்புல இருக்குற கிடங்குல குறைஞ்சது 4 வருஷம் வெச்சு, சரியா 100 ப்ரூஃப்ல அடைச்சிருக்கணும். காசு கம்மியா நல்ல சரக்கு வேணும்னா எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் மாதிரி பாண்ட் பாட்டிலை எடுங்க, பெரிய பேர் இருக்குற எத்தனையோ பாட்டிலை விட சிகாரோட அது நல்லா நிக்கும்.

இப்ப சிகாருக்கு வருவோம். ஒரு சிகார்ல மூணு அடுக்கு, உள்ள இருக்குற ஃபில்லர், அதைக் கட்டிப் பிடிக்கிற பைண்டர், வெளிய கண்ணுக்குத் தெரியுற ரேப்பர். ரேப்பர் ஒரே ஒரு இலைதான், ஆனா டேஸ்ட்ல அதோட பங்கு பெருசு. கனெக்டிகட் ஷேட்னு ஒரு இலை இருக்கு, நிழல் துணிப் பந்தலுக்குக் கீழ வளக்குறது, வெளிர் பழுப்பு, வெண்ணெய், பாதாம் மாதிரி சாது. ஈக்வடார்லயும் அதே விதையை வளக்குறாங்க, அங்க எப்பவும் மேகமூட்டமா இருக்கறதால பந்தலே தேவைப்படுறதில்ல. கேமரூன் இலை கொஞ்சம் இனிப்பு கலந்த மசாலா. ஹபானோ, கொரோஹோன்னா மிளகு. மடூரோங்கிறது இலையை கூடுதல் சூட்டுல ரொம்ப நாள் நொதிக்க விட்டு கருப்பாக்குனது, கோகோ, காப்பி, உலர்திராட்சை வாசம் வரும்.

கருப்பா இருந்தா ஸ்ட்ராங்குன்னு ஒரு நம்பிக்கை எல்லாரிடமும் இருக்கு, அது தப்பு. மடூரோ நிறைய நேரம் சாந்தமாத்தான் இருக்கும், இனிப்புதான் தெரியும். தலை சுத்துற அளவுக்கு ஏத்துறது ஃபில்லர்ல இருக்குற லிகேரோன்னு சொல்ற இலை, செடியோட உச்சியில வெயிலை நேரா வாங்கி தடிச்சுப்போன இலை, நிக்கோட்டின் அதுலதான் ஜாஸ்தி, மெதுவா எரியும். அதனால நிறத்தைப் பாத்து மட்டும் பர்பனை முடிவு பண்ணாம கடைக்காரர்கிட்ட "இது மைல்டா, மீடியமா, ஃபுல்லா"ன்னு வாய் விட்டுக் கேளுங்க, அந்த ஒரு கேள்வி போதும்.

கியூபா சிகார்தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு ஒரு தகவல், 1962ல இருந்து அமெரிக்காவுல கியூபா சரக்குக்குத் தடை. புரட்சிக்கு அப்புறம் கியூபாவை விட்டு வெளியேறுன சிகார்காரங்க டொமினிக்கன் ரிபப்ளிக், ஹோண்டுராஸ், நிகராகுவான்னு போய் அங்க கடை விரிச்சாங்க, 1964ல மயாமியில பத்ரோன் கம்பெனியை ஆரம்பிச்ச ஹோசே ஓர்லாண்டோ பத்ரோனும் கியூபாக்காரர்தான். பர்பனும் அமெரிக்க சரக்கு, அமெரிக்காக்காரன் அதுகூட இத்தனை வருஷமா பிடிச்சதும் இந்த மூணு நாட்டு சிகார்களைத்தான், அதனால கியூபா இல்லாததுல ஒரு குறையும் இல்ல. நிகராகுவா இலையோட மிளகுக் காரத்துக்கு பர்பனை விட பொருத்தமான ஜோடி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஜோடி போட்டே பாத்துடலாம். முதல் தடவைன்னா மக்கானூடோ கஃபே இல்லைன்னா ஆஷ்டன் கிளாசிக் மாதிரி கனெக்டிகட் ரேப்பர் போட்ட ஒரு சிகார், கூட மேக்கர்ஸ் மார்க். பர்பன் 45 சதவீதம்தான், கோதுமை இருக்கறதால காரம் குத்தாது, சிகாரோட அந்த வெண்ணெய் மாதிரி புகை பர்பனோட தேன் வாசத்துல போய் உக்காரும். இதே சிகாருக்கு ரை ஜாஸ்தி உள்ள ஒரு பர்பனை வெச்சா காரம் மட்டும் முன்னாடி வந்து நின்னுடும், சிகார் காணாமலே போயிடும்.

கொஞ்சம் பழகுனதும் நடுவாந்திரத்துக்கு வாங்க, ஆர்துரோ ஃபுவெண்டேவோட கேமரூன் ரேப்பர் போட்ட 8-5-8 மாதிரி ஒண்ணு, அதுக்கு ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல் இல்லைன்னா பஃபலோ ட்ரேஸ். இங்க ரையோட மசாலாவும் கேமரூனோட மசாலாவும் ஒரே பக்கத்துல இருக்கும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருந்தா போரடிக்கும்னு சில பேர் சொல்லுவாங்க, எனக்கு இது பிடிக்கும்.

என் ஓட்டு எதுக்குன்னு கேட்டா பத்ரோன் 1964 மடூரோவும் வைல்ட் டர்க்கி 101ம். சிகார் முழுக்க நிகராகுவா இலை, சதுரமா அழுத்துனது, கோகோ வாசம் தூக்கலா வரும். வைல்ட் டர்க்கி 50.5 சதவீதம், ஆழமா கருக்குன பீப்பாய், கேரமல் கொஞ்சம் கருகுன வாசம். முதல் பாதியில பர்பன்தான் மேல நிக்குற மாதிரி தெரியும், சிகார் கொஞ்சம் பம்மி இருக்கும், அவசரப்பட்டு தப்பா எடுத்துட்டோம்னு நினைச்சுடாதீங்க. பாதி தாண்டுனதும் சிகார் காப்பிக்கொட்டை கசப்புக்கு ஏறும், அப்பதான் ரெண்டும் சமமா வந்து நிக்கும், ஒரு வாய் குடிச்சுட்டு இழுத்தா கசப்பு சாக்லேட்டா மாறுறது நல்லாவே தெரியும். இந்த இடத்துல 80 ப்ரூஃப் பர்பன் இருந்திருந்தா சர்க்கரைத் தண்ணி குடிச்ச மாதிரிதான் இருந்திருக்கும். முதல் இழுப்புக்குப் பாக்காதீங்கன்னு ஆரம்பத்துல சொன்னது இதுக்குத்தான். ஓலிவா சீரி வி மாதிரி லிகேரோ போட்ட ஃபுல் சிகார்னா நாப் க்ரீக் 9 வருஷம் மாதிரி 100 ப்ரூஃப் பர்பன் தாராளமா தாங்கும். பர்பன் பீப்பாயில ரேப்பர் இலையைப் போட்டு வெச்சு செய்யுற சிகார்களும் இருக்கு, பெர்டோமோ அப்படி சிலது போடுறாங்க, கேக்க நல்லா இருந்தாலும் அது ஜோடி சேர்றதுக்கு கியாரண்டி ஒண்ணும் இல்ல. சிகாரோட வாய்ப்பக்கத்தை பர்பன்ல முக்கிப் பிடிக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம், இலை ஊறிப் பிரிஞ்சு ரெண்டும் நாசம்.

எப்படி உக்காந்து குடிக்கிறதுன்னு சொல்லணும், ஏன்னா ஜோடி சரியா இருந்தும் இதுல கோட்டை விடுறவங்கதான் அதிகம். சைஸ் முதல்ல ரொபஸ்டோ எடுங்க, 5 இன்ச் நீளம், 50 ரிங் தடிமன், ரிங்குன்னா ஒரு இன்ச்சுல 64ல ஒரு பங்கு, முக்கால் மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் போகும். சர்ச்சில் மாதிரி 7 இன்ச் எல்லாம் இப்ப வேண்டாம், பாதியிலயே சலிச்சுடும். வெறும் வயித்துல ஆரம்பிக்காதீங்க, நிக்கோட்டின் ஏறுனா குளிர் வேர்வை, குமட்டல் எல்லாம் வரும், அப்படி ஆச்சுன்னா சிகாரை வெச்சுட்டு தண்ணியும் இனிப்பா ஏதாவதும் எடுத்துட்டு உக்காந்துடுங்க, அன்னைக்கு அத்தோட முடிச்சுக்கணும்.

பர்பனை முதல்ல ஊத்தி பத்து நிமிஷம் சும்மா விடுங்க, காத்து பட்டா ஆல்கஹால் நெடி இறங்கும். ஒரு ஊத்து 1.5 அவுன்ஸ், அதாவது 44 மில்லி, ஒரு சிகாருக்கு ஒண்ணு போதும், மிஞ்சிப்போனா ரெண்டு. பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு வாய் குடிச்சுப் பாத்துடணும், புகை ஏறுனதுக்கு அப்புறம் மூக்கு பாதி வேலைதான் செய்யும், அந்த பர்பனோட சொந்த டேஸ்ட் என்னன்னே தெரியாமப் போயிடும். பத்த வைக்க பியூட்டேன் லைட்டர் இல்லைன்னா நீளத் தீக்குச்சி, பெட்ரோல் லைட்டரும் மெழுகுவர்த்தியும் கூடாது, அந்த வாசம் கடைசி வரைக்கும் போகாது. தீயை இலையில நேரா வைக்காம கொஞ்சம் கீழ பிடிச்சு, சிகாரைச் சுத்திக்கிட்டே, ஓரம் முழுக்க ஒரே மாதிரி செவந்து வர்ற வரைக்கும் சூடு காட்டுங்க, அப்புறம் மெதுவா இழுங்க.

முதல் மூணுல ஒரு பங்கை வெறும் தண்ணியோடயே பிடிங்க, சிகார் என்ன சொல்லுதுன்னு தனியா தெரியட்டும். அப்புறம் பர்பன். ஒரு சின்ன வாய், நாக்கு முழுக்க படுற மாதிரி வெச்சிருந்து முழுங்கி, அந்த எரிச்சல் அடங்குற வரைக்கும் பொறுத்து, அதுக்கப்புறம் இழுப்பு. நிறைய பேர் வாய்ல சரக்கு எரியும்போதே இழுத்துடுவாங்க, அப்ப ரெண்டுமே காரமாத்தான் தெரியும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல வேண்டாம், வேகமா இழுத்தா சிகார் சூடேறி கசக்கும், அந்தக் கசப்பை பர்பன் தலையில கட்டிடுவோம். இப்பவும் பர்பன் குத்துதுன்னா அஞ்சாறு சொட்டு தண்ணி விடுங்க, கௌரவக் குறைச்சல் ஒண்ணும் கிடையாது, கென்டக்கிக்காரங்களே விடுறாங்க. ஐஸ் எனக்கு ஒத்துவராது, குளிர்ல வெனிலா, கேரமல் வாசம் எல்லாம் அமுங்கிப்போய் துவர்ப்பு மட்டும் தூக்கும், இனிப்புக்காகத்தானே பர்பனையே சிகார் பக்கத்துல வெச்சோம். கோலா கலந்துதான் குடிப்பேன்னா தாராளமா குடிங்க, சிகாரை இன்னொரு நாளைக்கு வெச்சுக்கோங்க.

கடைசி ரெண்டு இன்ச்சுல சூடு ஜாஸ்தியாகி புகை காட்டமா வரும்போது விட்டுடலாம். பீடி மாதிரி கருக்கி முடிக்க வேண்டிய அவசியம் இல்ல, நசுக்கவும் வேண்டாம், நசுக்குனா நாத்தம் ரூம் முழுக்க அடிக்கும், ஆஷ்ட்ரேல சும்மா வெச்சா அதுவே அணைஞ்சுடும். மிச்ச சிகார்களை 65ல இருந்து 70 சதவீதம் ஈரப்பதத்துல வைக்கணும், மூடி இறுக்கமா இருக்குற டப்பாவுல ஒரு ஈரப்பத பாக்கெட்டைப் போட்டா போதும், ஃப்ரிட்ஜ் வேண்டாம். பர்பன் பாட்டிலை ஒயின் மாதிரி படுக்க வைக்காதீங்க, நிமித்தியே வைங்க, இவ்வளவு ஆல்கஹால்ல கார்க் அரிச்சுப்போயிடும். பாட்டில் கால்வாசிக்கு வந்துட்டா உள்ள இருக்குற காத்துல டேஸ்ட் மெல்ல மெல்ல மங்க ஆரம்பிக்கும், அதனால புது பாட்டில் திறக்குறதுக்கு முன்னாடி அதை முடிச்சுடுங்க.